தூக்கமின்மைக்கு ஒலி எழுப்பும் தலைப்பட்டை வாங்கலாமா, நடத்தைச் சிகிச்சைக்குச் செல்லலாமா?

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால் சிகிச்சைக்கே ஒதுக்குங்கள். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேலாக உறக்கமின்றித் தவிப்பவர் நீங்கள் என்று கருதியே எழுதுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். இரவெல்லாம் நாய்கள் குரைக்கும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் மின்விசிறி நின்ற நொடியே விழித்துக்கொள்வேன். மகள் வாங்கித் தந்த, மழையோசை எழுப்பும் தலைப்பட்டை வெளிச்சத்தங்களை நன்றாகவே மறைத்தது. ஆனால் நாய்களும் அடங்கிய இரவுகளில், அந்த மழையைக் கேட்டபடியே அலுவலகக் கணக்குகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று பழகிவிட்ட மனத்துக்கு ஓசை என்ன செய்யும்?

நடத்தைச் சிகிச்சை தந்த உளவியலாளர் முதலில் உறக்கக் குறிப்பேடு எழுதச் சொன்னார். நான் உண்மையில் உறங்கிய நேரத்தை அதிலிருந்து கணக்கிட்டு, படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஏறத்தாழ அந்த அளவுக்கே சுருக்கினார். அதில் 85 விழுக்காடாவது உறக்கமாகக் கழியத் தொடங்கிய பிறகே சிறிது சிறிதாக நீட்டினார். இது 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் வகுத்த முறை. உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் சென்றுவிட வேண்டும் என்னும் விதி அதற்கும் முந்தியது. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்னும் உளவியலாளர் தந்தது. கூடத்துத் திருட்டு அலார சென்சார்களை இயக்கிவிட்டே படுக்கும் எங்கள் ஊரில் நள்ளிரவில் அறையை விட்டு வெளியே வருவது எளிதன்று. அலாரக்காரரை வரவழைத்து, கூடத்தை மட்டும் விலக்கி அமைத்த பின்னரே (அதற்கும் தனிக் கட்டணம்!) அந்த விதியைக் கடைப்பிடிக்க முடிந்தது. தொடக்க வாரங்களில் பகலெல்லாம் கண் எரிந்தது. பிறகு படுத்தவுடன் உறங்கும் பழக்கம் மெல்லத் திரும்பியது.

கருவி விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆழ்ந்த உறக்கத்தின் மூளை அலைகளோடு இசைவித்து ஒலி கொடுத்தால் அவ்வலைகள் வலுப்பெறுகின்றன என்று 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டியதை நானும் அறிவேன். அது உடல்நலம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது நடத்தைச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. மாத்திரைக்குத் தயங்காமல் பணம் தரும் என் மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) மட்டும் இதை ஏற்கவில்லை. உளவியலாளரின் கட்டணத்தை அத்திட்டத்தில் எனக்குள்ள சேமிப்புத் தொகையில் கழித்து, அது ஆண்டின் நடுவிலேயே தீர்ந்ததும் மீதியை என் தலையில் கட்டியது.

உங்களுக்கு வலிப்போ, இருமுனைக் கோளாறோ, மூச்சு நின்று நின்று வரும் குறட்டையோ, கனரக வாகனம் ஓட்டும் வேலையோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் உறக்க நேரத்தைச் சுருக்கத் தொடங்காதீர்கள்.