கல்லூரிகள் பெருகினால் அந்தப் பகுதிக் குடும்பங்கள் ஏன் வெளியேறுகின்றன?

கோவை பீளமேட்டை வைத்தே சொல்கிறேன். 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956-இல் சி.ஐ.டி. பொறியியல் கல்லூரி என்று வந்தபோது இது மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். கல்லூரியும் மில்லும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்கள் தெருவுக்குள் வீடு தேடும்போதுதான் நிலைமை மாறுகிறது.

கணக்கு இதுதான். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஒரு குடும்பம் மாதம் 12,000 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டில் ஆறு மாணவர்களைத் தலைக்கு 4,000 ரூபாய்க்குத் தங்கவைத்தால் 24,000. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவரோ இருவரோ. அங்கே ஆறு வீட்டுப் பெற்றோர் பணம் அனுப்புகிறார்கள். எப்படிப் போட்டி போட முடியும்?

அப்புறம் லைன் வீடுகள். வாசலில் பொதுக்குழாய், வரிசையாக ஒற்றை அறைகள். அதை இடித்துவிட்டு மாடி மாடியாக பி.ஜி. என்கிற தனியார் விடுதிகள் கட்டுகிறார்கள். மளிகைக்கடை ஜெராக்ஸ் கடையாகிறது. மாதக் கடனுக்குச் சாமான் தந்த நோட்டும் அதோடு போய்விடுகிறது. நகருக்கு வெளியே சூலூர், அன்னூர் பக்கம் போனால் வாடகை குறையும், ஆனால் பழைய வேலைக்கு தினமும் பஸ் பிடித்து வர வேண்டும்.

மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீட்டைக் கூட்டும் கல்லூரி, விடுதியையும் கூட்ட வேண்டும். மாநகராட்சிக்கும் பொறுப்பு உண்டு. தன் ஹெடிங்லி பகுதியில் இதே சிக்கலைக் கண்ட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம், குடும்ப வீட்டைப் பலர் பகிரும் வாடகை வீடாக மாற்ற அனுமதி வாங்க வேண்டும் என்று 2012-இல் விதி கொண்டுவந்தது.