வாசகர் கேள்வி: பழகிய பூனையைக் காப்பகம் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறோம். சில வாரங்களாகச் செம்பழுப்பு நிறப் பூனை ஒன்று எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் தயங்காமல் மடியில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. அரசு விலங்குக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சென்றபோது, "ஆரோக்கியமாக இருக்கிறது, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் காப்பகம் இப்படிக் கைகழுவுவது முறையா?
– வாசகி ஒருவர், கலிபோர்னியா

பதில்: அவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. மீதியை நீங்கள் அவசியம் தட்டிக் கேட்க வேண்டும்.

காணாமற்போகும் பூனைகள் காப்பகத்தின் வழியாக வீடு சேர்வது மிக அரிது. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தொலைந்த பூனைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு உரிமையாளரிடம் திரும்பின. அப்படித் திரும்பியவற்றில் 59 சதவீதம் தாமாகவே வீட்டுக்கு வந்தவை, காப்பகத்தில் கிடைத்தவை வெறும் 2 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 2018-இல் வந்த ஆய்வோ, கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளில் முக்கால் பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன என்கிறது. உங்கள் மடியில் படுக்கும் பூனையின் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கக்கூடும். காப்பகத்துக் கூண்டில் அடைத்துவிட்டால் அது தானாக வீடு திரும்பும் வழி அடைபடுகிறது. கலிபோர்னியாவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பகம் ஒரு பூனையைப் பொதுவாக ஆறு வேலை நாட்களும், மாலையிலோ வார இறுதியிலோ திறந்திருக்கும் காப்பகமானால் நான்கு வேலை நாட்களும் உரிமையாளருக்காக வைத்திருந்தால் போதும்; "எங்கே போய்விடும், வந்துவிடும்" என்று காத்திருக்கும் வீட்டாருக்கு அந்த அவகாசம் போதாது.

இடநெருக்கடியின் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவிலேயே உள்ள சான் ஹோசே நகரக் காப்பகத்தில் 2009-இல், உள்ளே வந்த பூனைகளில் 70 சதவீதத்துக்கு மேல் கொல்லப்பட்டன. உரிமையாளர் இல்லாத ஆரோக்கியமான தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் திட்டம் 2010-இல் அங்கே தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகள் அப்படித் திரும்பின. 2014-இல் கொல்லப்படும் விகிதம் 23 சதவீதமாகக் குறைந்தது. இந்த வழியை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் சான் ஹோசேயில் பூனையை உள்ளே எடுத்து, சிகிச்சை செய்த பிறகுதான் வெளியே விட்டார்கள். வாசலிலேயே மறுத்து அனுப்புவது அதுவாகாது. உங்கள் பூனைக்கு அவர்கள் கருத்தடையும் செய்யவில்லை, தடுப்பூசியும் போடவில்லை, மைக்ரோசிப் (உரிமையாளரை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கும் சிறு சில்லு) இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. மேலும், மனிதரிடம் இவ்வளவு பழகிய பூனை, வீடு மாறிச் சென்ற யாரோ விட்டுச்சென்றதாகவும் இருக்கலாம். அதற்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் இந்த விவகாரம் வழக்காகவே ஆகி, பழகிய, தத்தெடுக்கத் தகுந்த பூனைகளை வெளியே விடும் வழக்கத்துக்கு எதிராக 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பழகிய பூனைக்கும் மனிதரை அண்டாத பூனைக்கும் ஒரே விதியைப் பொருத்துவது சோம்பல் என்றே நான் கருதுகிறேன். நோயுற்ற, காயமுற்ற, தாயை இழந்த பூனைகளை மறுப்பதற்கோ எந்தச் சமாதானமும் இல்லை.

நீங்கள் முதலில் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காப்பகங்களுக்கு வந்த தெருப்பூனைகளில் 1.8 சதவீதமே உரிமையாளரிடம் சேர்ந்தன. சிப் இருந்தவற்றில் அது 38.5 சதவீதம். இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், ஏற்கெனவே கருத்தடை செய்து விடப்பட்ட பூனை என்று பொருள். காதும் முழுமையாக இருந்து, சிப்பும் இல்லையென்றால், "இது உங்கள் பூனையா?" என்ற வரியோடு உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிய காகிதப் பட்டையைக் கழுத்தில் தளர்வாகக் கட்டி அனுப்புங்கள். பூனை கிடைத்த தகவலைப் படத்துடன் காப்பகத்திலும் பதிவு செய்யுங்கள். பூனையை ஏற்க மறுத்தவர்களும் இந்தப் பதிவை மறுக்கக் கூடாது.

யாரும் தேடி வராவிட்டால் மீண்டும் காப்பகத்தை அணுகி, ஒப்படைப்பதற்கு முன்பதிவு கேளுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பூனையைக் காரில் ஏற்றி வேறு ஊரில் விட்டுவிடும்படி எவரேனும் ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். விலங்கைக் கைவிடுவது கலிபோர்னியாவில் தண்டனைக்குரிய குற்றம்.