காய் எடுப்பு முடிந்த மாதங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். ஏலக்காய் விவசாயம் பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறேன். கேரளத்தின் இடுக்கி மலையில் வண்டன்மேடு பக்கம் அப்பாவுக்குச் சின்னத் தோட்டம் இருக்கிறது. உரம், மருந்து, அன்றைய ஏல விலை, ஸ்டோரில் காய் உலர்த்துவது என்று எல்லாவற்றையும் தமிழில் பேசி, இரவு எட்டு மணிக்கு வீடியோ போடுவேன். போன வருடம் ஆடியிலிருந்து மார்கழி வரை நன்றாகப் போனது. ஜனவரியில் வியூஸ் அப்படியே இருக்க, வருமானம் மட்டும் குறைந்தது. மாசி பிறந்ததும் வியூஸும் விழுந்து, ஏப்ரலில் பாதிக்கும் கீழே போய்விட்டது. இந்த வருடமும் அதே கதை. கேமராவுக்குத் தவணை கட்ட வேண்டும். நண்பர்கள் கிரிக்கெட் ஷார்ட்ஸ் போடச் சொல்கிறார்கள். வியூஸ் வராத பழைய வீடியோக்களை (படுதா விரித்துத் தண்ணீர் தேக்கும் படுதாக்குளம் பற்றியது உட்பட) நீக்கினால் சேனல் எழும் என்கிறார் ஒருவர். அல்காரிதம் என்னைக் கைவிட்டுவிட்டதா? பெயர் போட வேண்டாம்.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கைவிடவில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு சரிவுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு விளம்பரக்காரர்கள் காரணம், மற்றொன்றுக்கு உங்கள் பார்வையாளர்களின் பிழைப்பு காரணம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் இவ்வளவு கலங்கிப்போயிருக்கிறீர்கள்.

ஜனவரியை முதலில் முடித்துவிடலாம். யூடியூபில் விளம்பர இடமும் ஏலத்தில்தான் போகிறது. புத்தடி, போடி ஏலக்காய் ஏல மையங்களில் வாங்க வருகிறவர்கள் குறைந்த நாளில் நல்ல காய்க்கும் விலை படியாது இல்லையா, அதே கணக்குதான். தீபாவளியிலிருந்து ஆண்டு முடிவு வரை நிறுவனங்கள் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டுகின்றன. ஜனவரியில் கையை இறுக்கிக்கொள்கின்றன. ஆயிரம் வியூஸுக்கு உங்கள் கைக்கு வரும் தொகையை யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலின் கணக்கு காட்டும் பக்கத்தில்) ஆர்பிஎம் என்று காட்டுவார்கள். அது ஜனவரியில் இறங்குவது உலகம் முழுக்க நடப்பது. வியூஸ் அப்படியே இருந்து ஆர்பிஎம் மட்டும் இறங்கினால் வீடியோவில் ஒரு குறையும் தேட வேண்டாம்.

மாசிச் சரிவுதான் உங்களுடையது. அதைப் புரிந்துகொள்ள, உங்களைப் பார்ப்பவர்கள் யார் என்று யோசியுங்கள். கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் வீடு, மலைக்கு மேல் ஒன்றிரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம், இப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். ஆடி ஆவணியில் காய் எடுப்பு தொடங்குகிறது. விடியுமுன் பெண்கள் ஜீப்பில் ஏறி மலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். ஒரு சுற்று எடுத்து, அடுத்த சுற்றுக்குக் காய் முற்றக் காத்திருந்து, மறுபடி எடுத்து என்று தை வரை இது ஓடுகிறது. அந்த மாதங்களில் தோட்டக்காரருக்கு ஒவ்வொரு இரவும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இன்று என்ன விலை, காயை இப்போதே கொடுப்பதா, ஸ்டோரில் வைத்திருப்பதா? உங்கள் வீடியோ அவருக்குத் தேவைப்படுகிறது, பார்க்கிறார். மாசியில் எடுப்பு ஓய்ந்துவிடுகிறது. விற்கக் காய் இல்லாதவர் ஏல விலையை எதற்காகத் தினமும் பார்க்கப் போகிறார்?

அதோடு மார்ச்சில் பொதுத்தேர்வு. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் செல்போன் சத்தமே கேட்காது. அப்புறம் ஐபிஎல். 2024-இல் மார்ச் 22 தொடங்கி மே 26 வரை நடந்தது. இரவு ஆட்டம் ஏழரைக்கு, உங்கள் வீடியோ எட்டு மணிக்கு. அந்த இரண்டு மாதம் மட்டுமாவது அதிகாலையிலோ மதியச் சாப்பாட்டு நேரத்திலோ போட்டுப் பாருங்கள். உங்கள் பார்வையாளர்கள் எந்த நேரத்தில் யூடியூபில் இருக்கிறார்கள் என்று ஸ்டுடியோவே காட்டுகிறது. என் இணையதளத்திலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் சாலையை நிறைக்கும்போது கம்பத்திலும் குமுளியிலும் கடை வைத்திருக்கும் என் வாசகர்கள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது அவர்கள் வருடச் சம்பாத்தியத்தைத் தேடும் காலம். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஸ்டுடியோவைத் திறந்ததும் கடைசி 28 நாள் கணக்கு கண்ணில் படும். முழுசாக நான்கு வாரம் என்பதால் கிழமை வித்தியாசத்தை அது சரிசெய்துவிடும், பருவ வித்தியாசத்தைச் சரிசெய்யாது. ஏப்ரலை மார்ச்சோடு ஒப்பிட்டால் அழுகைதான் வரும். ஏப்ரலைப் போன ஏப்ரலோடு வையுங்கள். அதிலும் பண்டிகை எந்தத் தேதியில் விழுந்தது என்று கவனிக்க வேண்டும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. மாதத்தை மட்டும் பார்த்தால் அக்டோபர் ஏறியதாகவும் நவம்பர் சரிந்ததாகவும் தோன்றும். விலை தாறுமாறாக ஏறிய வருடத்தையும் அளவுகோலாக வைக்கக் கூடாது. கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அப்படி ஒரு வருடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த வருடமும் சரிவாகத்தான் தெரியும்.

எல்லாச் சரிவையும் பருவத்தின் தலையில் போட்டுவிடவும் முடியாது. எடுப்பு நடக்கும் ஆவணியிலேயே போன ஆவணியைவிட வியூஸ் குறைந்தால், திரும்பத் திரும்ப வந்தவர்கள் வராமல் நின்றால், அப்போது உங்கள் வேலையை நீங்கள் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறி எதுவும் இல்லை.

கிரிக்கெட் ஷார்ட்ஸ் வேண்டாம் தம்பி. இதை அழுத்திச் சொல்கிறேன். அதற்கு வருகிறவர்கள் கிரிக்கெட்டுக்காக வருகிறார்கள். ஆடியில் நீங்கள் சரம் (காய் பிடிக்கும் கொத்து), தட்டை (செடியின் தண்டு), அழுகல் நோய் என்று பேசும்போது அவர்கள் தள்ளிவிட்டுப் போவார்கள். உங்களை நம்பிச் சேர்ந்த தோட்டக்காரரோ, தெரியாமல் வேறு சேனலுக்கு வந்துவிட்டோமோ என்று நினைப்பார். ஏலக்காய் பற்றித் தமிழில் பொறுமையாகப் பேச ஆள் குறைவு. அந்த இடத்தை இரண்டு மாத எண்ணிக்கைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோடையில் தோட்டக்காரர் சும்மாவும் இருப்பதில்லை. அவருடைய கவலை விலையிலிருந்து தண்ணீருக்குப் போய்விடுகிறது. 2024 கோடையில் இடுக்கியில் எத்தனை தோட்டங்கள் கருகின என்பதை உங்கள் அப்பாவே சொல்வார். செடியைக் காப்பாற்றுவது எப்படி, நிழல் மரத்தை எப்போது கவாத்து செய்வது, மழைக்கு முன் கன்று நட என்ன ஏற்பாடு வேண்டும் என்று பேசுங்கள். பார்ப்பவர்கள் ஆவணியில் பார்த்ததில் பாதிதான் இருப்பார்கள். ஆனால் அந்தப் பாதிப் பேர் காய்கிற தோட்டத்தில் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சரியான ஆலோசனை கிடைப்பது என்னைப் பொறுத்தவரை ஆவணி மாத வியூஸைவிடப் பெரிய விஷயம்.

தவணை விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் சம்பாதித்தது பிப்ரவரி 21-க்குப் பிறகுதான் உங்கள் வங்கிக்குக் கிளம்பும். கணக்கில் சேர்ந்திருப்பது 100 டாலரைத் தொடவில்லை என்றால் அந்த மாதம் ஒன்றும் வராது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். மெலிந்த மாதங்களில் சில சமயம் அடுத்தடுத்து இரண்டு மாதம் பணமே வராமல் போவது இதனால்தான். போன 12 மாதமும் வந்ததைக் கூட்டி 12-ஆல் வகுங்கள். வீட்டுச் செலவுக்கும் தவணைக்கும் அந்தத் தொகைதான் உங்கள் மாத வருமானம். ஐப்பசி, கார்த்திகையில் கூடுதலாக வருவதைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து, பங்குனி, சித்திரைத் தவணையை அதிலிருந்து கட்டுங்கள். அடுத்த கருவி வாங்குவதை அந்தக் கோடை கழிந்த பிறகு யோசிக்கலாம்.

பழைய வீடியோ எதையும் நீக்க வேண்டாம். குறைந்த வியூஸ் உள்ள வீடியோ இருப்பதால் புதியது அமுங்கிப்போகாது. நீக்கினால் தேடி வருகிறவருக்கு அது கிடைக்காது, அவ்வளவுதான் நடக்கும். முக்கியமாகப் படுதாக்குளம் வீடியோவில் கை வைக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் மட்டும் அதற்குத் தேடல் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். படுதா விலை மாறியிருந்தால் விளக்கக் குறிப்பில் திருத்திவிட்டு, மாசி பிறக்கும்போது அதையே உங்கள் சேனலின் முகப்பில் வையுங்கள்.

அன்புடன்