காங்கேயம் காளையும் கறுப்பு டி-ஷர்ட்டும்

கேள்வி: நீர்வண்ணத்தில் நான் வரைந்த காங்கேயம் காளை ஓவியத்தை, எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சந்திப்புக்காக 25 கறுப்பு டி-ஷர்ட்டுகளில் அச்சிட விரும்புகிறேன். திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் ஒருவர், நூறு பீஸுக்குக் குறைந்தால் எடுப்பதில்லை என்கிறார். இன்னொருவர், ஃபிலிமில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் டிடிஎஃப் முறையில் எத்தனை வேண்டுமானாலும் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். யாரிடம் கொடுப்பது?
– வாசகி, கரூர்

பதில்: ஸ்கிரீன் பட்டறைக்காரர் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. அந்த முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே ஃபிலிம் எடுத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் (இதுதான் ஸ்கிரீன்) ஒளிபட்டால் இறுகும் எமல்ஷன் பூசி, ஒளி காட்டிக் கழுவி, பிறகு எல்லா ஸ்கிரீன்களும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழும்படி பொருத்த வேண்டும். 25 சட்டைக்கும் 500 சட்டைக்கும் இந்த முன்வேலை ஒன்றுதான். ஒற்றை நிறக் கோட்டோவியமாக இருந்தால் உங்கள் எண்ணிக்கைக்கும் அவரிடம் வாதாடிப் பார்க்கலாம். நீர்வண்ணம் என்றால் சாயல்களைச் சிறு புள்ளிகளாக உடைத்துப் பல ஸ்கிரீன்கள் போட வேண்டியிருக்கும்; கறுப்புத் துணி என்பதால் அடியில் வெள்ளைக்கென்று ஒன்று கூடுதலாக வேண்டும்.

டிடிஎஃப் முறையில் படம் முதலில் ஃபிலிமில் இடவலம் மாறி அச்சாகிறது. நிறங்களின்மேல் வெள்ளை மை விழுகிறது, அதன்மேல் பசைத்தூள் தூவி உருக்கப்படுகிறது, பிறகு சூடாக அழுத்தும் ஹீட் பிரஸ் இயந்திரத்தில் துணியோடு அழுத்தி ஃபிலிமை உரித்தெடுக்கிறார்கள். ஒரே ஒரு சட்டைக்கும் இது ஒத்துவரும். குறை என்னவென்றால், பெரிய படமானால் நெஞ்சில் ஒரு தாளை ஒட்டியது போலக் காற்றுப் புகாமல் நிற்கும். உங்கள் ஓவியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீர்வண்ணத்தின் விளிம்புகள் மெல்லக் கரைந்து மறைபவை. அப்படிப் பாதி மறைந்த இடங்களிலும் அடியில் வெள்ளை விழுவதால், கறுப்புத் துணியில் படத்தைச் சுற்றி வெளிறிய ஓரம் தெரியும். விளிம்பைப் புள்ளிகளாக மாற்றித் தரச் சொன்னால் இது பெருமளவு குறையும். ஆனால் எல்லாக் கடைக்காரர்களும் அந்த வேலையைப் பொறுமையாகச் செய்வதில்லை.

என்னைக் கேட்டால், முறையைவிடச் சட்டையின் நிறத்தைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். நீர்வண்ண ஓவியத்தில் வெண்மை என்பது பெரும்பாலும் தாளின் வெண்மையே. கறுப்புத் துணியில் அந்த வெண்மையை மையால் உண்டாக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, காங்கேயம் காளையின் திமிலிலும் கழுத்திலும் இருக்கும் கருஞ்சாம்பல் துணியோடு கலந்து காணாமல் போகும். வெள்ளை அல்லது இளம் சந்தன நிறப் பருத்திச் சட்டையை எடுத்துக்கொண்டால் துணியே தாளின் வேலையைச் செய்துவிடும். அப்போது, துணியின்மேல் நேரடியாக மை தெளிக்கும் டிடிஜி முறையில் அடிவெள்ளை இல்லாமலே அச்சிடலாம். தொட்டால் படம் துணியோடு துணியாக மென்மையாக இருக்கும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) அளவில், நொதியால் கழுவி மேற்பரப்பை மழமழப்பாக்கும் பயோவாஷ் செய்த சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி இதற்குப் பொருத்தமானது. சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் யாராவது மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வெளிர் நிறப் பாலியஸ்டருக்கு உரிய முறை, பருத்தியில் சாயம் நிற்காது.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ஒரே ஒரு சட்டையை அடித்து வாங்கி, உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி இரண்டு மூன்று முறை துவைத்துப் பார்த்த பிறகே மீதிக்கு ஒப்புதல் கொடுங்கள்.

கேள்வி: ஓவியத்தைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தெளிவில்லை என்கிறார்கள். வேறு எப்படி அனுப்புவது?

பதில்: ஏ4 தாளில் வரைந்திருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 12 அங்குல அகலத்துக்கு 3600 பிக்ஸல். ஸ்கேன் செய்த படத்தில் தாளின் மங்கலான மஞ்சளும் சேர்ந்து வரும். அதை நீக்கிப் பின்புலம் இல்லாத பிஎன்ஜி கோப்பாக மாற்றாவிட்டால், காளையைச் சுற்றி ஒரு செவ்வகமும் சேர்ந்து அச்சாகிவிடும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும் என்பதால், டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: அச்சகத்தார் என் ஓவியத்தை மற்றவர்களுக்கும் அடித்து விற்றால் என்ன செய்வது?

பதில்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக வரைந்த ஓவியத்தின் முதல் உரிமையாளர் நீங்களே, பதிவு செய்வது கட்டாயமில்லை. அச்சுக்கூலி வாங்கியதால் அச்சகத்தாருக்கு உரிமை எதுவும் சேராது. ஆயினும் 25 சட்டைகளுக்கு மட்டுமே அனுமதி என்றும், வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும் என்றும் ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னாளில் இதையே வியாபாரமாக்கும் எண்ணம் இருந்தால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும். வடிவமைப்புகளுக்கென்று உள்ள தனிச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதியாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழிற்சாலை முறையில் 50 பிரதிகளுக்கு மேல் உற்பத்தி செய்தால், அதில் பதிப்புரிமை நீங்கிவிடும் என்கிறது அது. துணிமேல் அச்சிடும் ஓவியம் இதற்குள் வருமா என்பது நீதிமன்றங்களில் வாதிடப்பட்ட விஷயம் என்பதால், 51ஆவது சட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 25 சட்டைகளோடு நிற்கும்வரை இந்தப் பிரிவு உங்களுக்குக் குறுக்கே வராது.