கொழும்பு சேர்வர் போட்ட ஐடி எங்கே? – கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். தோட்ட ஆபீஸில் இருந்துகொண்டு கொழும்பு சேர்வரிலுள்ள டேபிளில் ஒரு வரி போடுகிறோம், அங்கே தானாக விழும் ஐடியை (ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸே போடும் எண்) இங்கே எப்படி எடுப்பது?

எஸ்கியூஎல் சேர்வர் 2016. லிங்க்டு சேர்வர் (இங்கிருந்தே வேறு சேர்வரின் டேபிளைத் தொட வைக்கும் இணைப்பு) வழியாக இன்சர்ட் செய்தால் வரி போய்ச் சேருகிறது, ஆனால் கடைசியாக விழுந்த ஐடியைச் சொல்ல வேண்டிய ஸ்கோப் ஐடென்டிட்டி, நல் (NULL, வெறுமை) என்று வருகிறது. (ஹட்டன்)

வரத்தான் செய்யும். ஐடி விழுந்தது கொழும்பில், நீங்கள் கேட்பது ஹட்டனில். கொழும்பு சேர்வரிலேயே ஒரு ஸ்டோர்ட் புரொசீஜர் (சேர்வரிலேயே சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதி, இன்சர்ட்டையும் ஸ்கோப் ஐடென்டிட்டியையும் அதற்குள் வைத்து, ஐடியை அவுட்புட் பராமீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். லிங்க்டு சேர்வரில் ஆர்பிசி அவுட் என்ற அமைப்பு திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரொசீஜரைக் கூப்பிடவே விடாது. அட் அட் ஐடென்டிட்டி (@@IDENTITY) பக்கம் மட்டும் போகாதீர்கள். டேபிளில் ஒரு ட்ரிகர் (வரி விழும்போது தானாக ஓடும் கட்டளை) இருந்து அது வேறு டேபிளில் வரி போட்டால், அந்த ஐடியைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

இன்சர்ட்டோடு அவுட்புட் கிளாஸ் (போட்ட வரியின் மதிப்புகளைத் திருப்பிக் கொடுக்கும் பகுதி) சேர்த்தால் எரர் அடிக்கிறது, அதே லிங்க்டு சேர்வர்தான். (தலவாக்கலை)

ரிமோட் டேபிளில் அது செல்லாது. ஹட்டன்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

ஐடி வரமாட்டேன் என்கிறது சேர், அவசரம். (ஊர் இல்லை)

எந்த டேட்டாபேஸ்? எந்த வெர்ஷன்? என்ன எரர்? இந்த மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

இன்சர்ட் செய்தவுடன் செலக்ட் மேக்ஸ் ஐடி (டேபிளிலுள்ள மிகப் பெரிய ஐடி) போட்டு எடுக்கிறோம். இரண்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. ஏன் கூடாது என்கிறீர்கள்? (பண்டாரவளை)

பிரச்சினை இல்லை என்று யார் சொன்னது? எரர் வராது, அதுதான் இதில் உள்ள கொடுமை. மத்தியான நிறுவையைப் பாருங்கள், எல்லா டிவிஷனிலும் தராசு ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் ஓடும். மேல் டிவிஷன் கணக்கப்பிள்ளை போட்ட வரிக்கு 80412 விழுகிறது. அவருடைய புரோகிராம் மேக்ஸ் கேட்பதற்குள் கீழ் டிவிஷன் வரி 80413 ஆக உள்ளே வந்துவிடுகிறது. மேல் டிவிஷனுக்குக் கிடைப்பது 80413. அப்புறம் அதற்கடியில் போகிற கிலோ, கழிவு எல்லாம் அடுத்தவர் கணக்கில். ஒருவர் பறித்த 22 கிலோ கொழுந்து இன்னொருவர் பேரில் ஏறியிருக்கும். சம்பளத்தன்று கொழுந்து பறித்த அம்மா துண்டுச்சீட்டை நீட்டிக் கேட்டால் எல்லோரும் செக்ரோலைத்தான் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) புரட்டுவார்கள், புரோகிராமை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஒரே சேர்வருக்குள் இந்த இடைவெளி ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் என்று வையுங்கள். மழைக்காலத்தில் மலையிலிருந்து கொழும்புக்குப் போய்வர அரை செகண்ட் ஆனாலும் ஆச்சரியமில்லை, அதற்குள் எத்தனை வரி வேண்டுமானாலும் விழலாம். டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கூட்டம் சொல்லும். ஆகாது. வழக்கமான ரீட் கமிட்டெட் நிலையில், இடையில் அடுத்தவர் கமிட் செய்த (போட்டு உறுதியாக்கிய) வரி உங்கள் மேக்ஸுக்குத் தெரியும். சரி, டேபிளையே லாக் பண்ணலாமே என்றால் மற்ற டிவிஷன்களெல்லாம் கொழுந்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஐடி போட்ட சேர்வரிடம், இன்சர்ட் போன அதே கனெக்‌ஷனில் கேளுங்கள். மேக்ஸோடு ஒன்றைக் கூட்டித் தாங்களே ஐடி போடுகிறவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

மைஎஸ்கியூஎல் 8இல் ஒரே இன்சர்ட்டில் 30 வரி போட்டால் லாஸ்ட் இன்சர்ட் ஐடி எதைக் கொடுக்கும்? (நானுஓயா)

முதல் வரியின் ஐடியை.

கரண்ட் போய் வந்த பிறகு ஐடி ஆயிரம் தாண்டிக் குதித்திருக்கிறது. யாராவது வரிகளை அழித்திருப்பார்களா? எஸ்கியூஎல் சேர்வர் 2019. (பதுளை)

யாரும் அழிக்கவில்லை. 2012 வெர்ஷனிலிருந்து எஸ்கியூஎல் சேர்வர் எண்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்கிறது, ஐடி இன்ட் (சாதாரண முழு எண்) என்றால் 1000, பிக்இன்ட் (பெரிய முழு எண்) என்றால் 10,000. திடீரென்று நின்றால் மிச்சம் போய்விடும். உங்கள் வெர்ஷனில் இப்படி எடுத்து வைப்பதை, அதாவது ஐடென்டிட்டி கேஷை, நிறுத்தலாம், ஆனால் எதற்கு? இன்ட் 200 கோடிக்கு மேல் தாங்கும். ஐடியையே பில் நம்பராக அச்சடிக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கவலை.

போஸ்ட்கிரெஸ் 14, ஃபாரின் டேபிளில் (வேறு சேர்வரிலுள்ள டேபிளுக்கு இங்கே வைக்கும் நிழல்) ஐடியை விட்டுவிட்டு இன்சர்ட் செய்தால் நல் கூடாது என்கிறது. அங்கே சீரியல் (தானாக எண் போடும் வகை) போட்டுத்தான் இருக்கிறது. (மஸ்கெலியா)

டிஃபால்ட் (ஒன்றும் கொடுக்காவிட்டால் விழும் மதிப்பு) எது என்பதை உங்கள் பக்கம் இருக்கும் ஃபாரின் டேபிள்தான் தீர்மானிக்கிறது. அதில் டிஃபால்ட் ஒன்றும் இல்லாததால் நல் என்றே அனுப்புகிறது. ரிமோட் டேபிளில் ஒரு பிஃபோர் இன்சர்ட் ட்ரிகர் வைத்து, நல் வந்தால் நெக்ஸ்ட்வால் (அடுத்த எண்) எடுக்கச் சொல்லுங்கள். பிறகு இன்சர்ட்டில் ரிட்டர்னிங் போட்டால் சரியான ஐடி உங்களிடமே வரும்.

இன்சர்ட் போன பிறகு லைன் அறுந்துவிடுகிறது. திரும்ப அனுப்பினால் சில நேரம் இரண்டு வரி விழுகிறது. (கொட்டகலை)

வரி விழுந்துவிட்டது, பதில்தான் வந்து சேரவில்லை. இந்த இடத்தில் தானாக விழும் ஐடியை நம்பிப் பயனில்லை. உங்கள் புரோகிராமே ஒரு யூயூஐடி (வேறு எதோடும் மோதாத நீண்ட அடையாளம்) உண்டாக்கி வரியோடு அனுப்பட்டும், டேபிளில் அது விழும் நிரலுக்கு (காலம்னுக்கு) யூனிக் போடுங்கள், ஒரே மதிப்பு இரண்டு தடவை விழாது. திரும்ப அனுப்பும்போது அதே யூயூஐடி போக வேண்டும், புதிதாக ஒன்று உண்டாக்கினால் கதை பழையபடிதான். டூப்ளிகேட் என்று எரர் வந்தால் முதல் தடவையே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த யூயூஐடியை வைத்துத் தேடி ஐடியை எடுத்துக்கொள்ளுங்கள்.