பழைய ரவுட்டர் அலமாரில கெடக்கா? பின்பக்க ரூமுக்கு வைஃபை அதுலயே எடுக்கலாம்

குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. முன்பக்கம் பழைய கல்லுக்கட்டு வீடு, பின்னால புதுசா கட்டின கான்கிரீட் போர்ஷன், அடுக்களை அங்கதான். ஃபைபர் ரவுட்டர் முன் ரூம்ல இருக்கு. வீட்டுக்காரர் குவைத்துல இருந்து வீடியோ கால் பண்ணும்போது அடுக்களைக்குள்ள போனா படம் அப்படியே நின்னுருது. முன்னாடி லேண்ட்லைன்ல நெட் இருந்தப்போ வாங்கின நாலு போர்ட் ரவுட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு, அது உதவுமா இல்ல புதுசா எக்ஸ்டெண்டர் (வைஃபைய வாங்கித் திருப்பி விடுற பெட்டி) வாங்கணுமான்னு கேக்காங்க.

தாராளமா உதவும் அக்கா. எக்ஸ்டெண்டர் வாங்காதீங்க, அந்தக் காசுக்கு நல்ல கேபிள் வாங்குங்க. ஏன்னா சாதா எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவுல வாங்கி அதே ரேடியோவுலதான் திருப்பி விடும், அதனால ஸ்பீடு பாதிக்குப் பாதி போயிரும், அதுலயும் எல்லாரும் சிக்னல் இல்லாத ரூம்லயே கொண்டு போய் அத மாட்டுவாங்க, அங்க அதுக்கே சரியா கிடைக்காதப்போ அது எத உங்களுக்குத் தரும்? முன் ரூம்ல பெரிய ஆன்டெனா வச்ச ரவுட்டர் மாத்துறதும் பாதித் தீர்வுதான். ரவுட்டர் சத்தமா பேசினாலும் உங்க போன் அந்தக் கல்லுச் சுவரத் தாண்டி பதில் சொல்லணும்லா, போனுக்கு அவ்வளவு பவர் கிடையாது. கேபிள் வழியா நெட்ட அடுக்களை பக்கத்துல கொண்டு வந்து அங்க இருந்து வைஃபை விடுறதுதான் நிக்கிற வழி.

மொதல்ல பழைய ரவுட்டரோட அடாப்டரப் பாருங்க. பின்னால ஸ்டிக்கர்ல 9 வோல்ட்டா 12 வோல்ட்டான்னு போட்டிருக்கும், அடாப்டர்லயும் அதே வோல்ட் இருக்கணும், ஆம்பியர் கூடுதலா இருந்தா பரவாயில்ல. செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் இதுவும் பின் ஒண்ணுபோல இருக்கும், மாத்திச் சொருகிராதீங்க. அப்புறம் ரீசெட் ஓட்டைல குண்டூசி விட்டு பத்து செகண்ட் அழுத்திப் பிடிச்சு பழைய செட்டிங் எல்லாத்தையும் அழிச்சிருங்க.

இனி செட்டிங். இப்போதைக்கு புது ரவுட்டரோட இத கனெக்ட் பண்ண வேண்டாம். போன்ல மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு பழைய ரவுட்டரோட வைஃபைல சேருங்க, ஆஃப் பண்ணலன்னா இதுல நெட் இல்லன்னு போன் தானா டேட்டாவுக்கு ஓடிரும், பேஜ் தொறக்காது. பிரவுசர்ல 192.168.1.1 அடிங்க, யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஸ்டிக்கர்ல இருக்கும். முதல் வேலையா அந்த அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க. வைஃபை பக்கத்துல முன் ரூம் ரவுட்டர்ல இருக்கிற அதே பேரும் அதே பாஸ்வேர்டும் எழுத்து பிசகாம போடுங்க. செக்யூரிட்டில, அதாவது வைஃபைக்குப் போடுற பூட்டு வகைல, டபிள்யூபிஏ2, அதுலயும் ஏஇஎஸ். பழைய ரவுட்டர்கள்ல இந்த இடத்துல டிகேஐபின்னு இருக்கும், அத அப்படியே விட்டா 300 எம்பிபிஎஸ் ஸ்பீடுன்னு அட்டைல போட்ட ரவுட்டர்கூட 54க்கு மேல போகாது, நெறைய பேர் ரவுட்டர் பழசாயிட்டுன்னு நெனச்சு தூக்கிப் போடுறது இதனாலதான். சேனல், அதாவது வைஃபை ஓடுற அலைவரிசை எண், முன் ரூம் ரவுட்டர்ல 1 இருந்தா இங்க 6 இல்லன்னா 11 வைங்க. பேர் மாறினதும் போன் கழண்டிரும், முன் ரூம் ரவுட்டர கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு பழையதுல திரும்பச் சேருங்க.

கடைசியா லேன் (வீட்டுக்குள்ள உள்ள நெட்வொர்க்) பக்கம், இதுலதான் முக்காவாசி பேருக்கு கோளாறு வருது. முன் ரூம் ரவுட்டரோட ஐபி, அதாவது நெட்வொர்க்ல அதோட முகவரி எண், 192.168.1.1னா பழையதுக்கு 192.168.1.2 குடுங்க. சில ஃபைபர் ரவுட்டர்ல 192.168.29.1னு இருக்கும், அப்போ இதுக்கு 192.168.29.2. முதல் மூணு எண்ணும் ஒண்ணா இருக்கணும், கடைசி மட்டும் வேற, அந்தக் கடைசி எண்ண மெயின் ரவுட்டர் வேற போனுக்கோ டிவிக்கோ குடுக்காத எண்ணா பாத்து எடுங்க. அதே பக்கத்துல டிஹெச்சிபின்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. வீட்டுல உள்ள போன், டிவி எல்லாத்துக்கும் நம்பர் குடுக்கிற வேலை அது. ஒரே ஆஸ்பத்திரில ரெண்டு பேர் தனித்தனியா டோக்கன் குடுத்தா என்ன ஆகுமோ அதுதான் இங்கயும் ஆகும், கொஞ்ச நேரம் நெட் வரும், கொஞ்ச நேரம் வராது, காரணமே பிடிபடாது. சேவ் பண்ணிட்டு ரவுட்டர ஆஃப் பண்ணுங்க.

இப்போ கேபிள். ஃபைபர் ரவுட்டரோட லேன் போர்ட்ல ஒரு முனை, பழைய ரவுட்டரோட லேன் போர்ட்ல மறுமுனை. டெலிபோன் வயர் போற சின்ன ஓட்டையில ஒண்ணும் வேண்டாம், டிஎஸ்எல் (டெலிபோன் லைன் வழியா வர்ற நெட்) லைட் எரியாது, இன்டர்நெட் லைட் செவப்பாவே நிக்கும், பயப்படாதீங்க, அது அந்த டெலிபோன் லைனத்தான் தேடுது. பழைய போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். வீடியோ காலுக்கு மூணு எம்பிபிஎஸ் இருந்தாலே போதும்னதால அடுக்களைக்கு இது தாராளம்.

கேபிள் கேட் 5இ இல்லன்னா கேட் 6, முழு செம்புக் கம்பியான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துல செம்பு பூசினத ரெண்டு தரம் வளைச்சாலே ஒடிஞ்சிரும். நூறு மீட்டர் வரைக்கும் சிக்னல் குறையாது, அதனால சுத்தி வந்தாலும் பரவாயில்ல, முடிஞ்ச அளவு வீட்டுக்குள்ளயே ஓட்டுங்க. வெளிய ஓட்டித்தான் ஆகணும்னா கருப்பு அவுட்டோர் கேபிள் போடுங்க, உள்ள போடுற சாம்பல் கலர் கேபிள் நம்ம ஊரு வெயிலுக்கும் மழைக்கும் உரை வெடிச்சிரும்.

இடிய நான் தனியா சொல்றேன், இது ரொம்ப முக்கியமாக்கும். ஃபைபர் கண்ணாடி, அதுல மின்னல் ஏறி வராது. ஆனா இப்போ நீங்க போடுறது செம்பு. சித்திரைலயும் ஐப்பசிலயும் மத்தியானம் கழிஞ்சு மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வரும்லா, அப்பவே ரெண்டு அடாப்டரையும் உருவி, கேபிளையும் ரெண்டு முனைலயும் கழட்டிருங்க, ஸ்விட்ச ஆஃப் பண்ணினா மட்டும் பத்தாது. கரண்ட் போனா முன் ரவுட்டர் இன்வெர்ட்டர்ல ஓடும், ஆனா அடுக்களை பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இல்லன்னா வைஃபை அங்க நிக்காது, அதையும் எலக்ட்ரீஷியன்ட்ட கேட்டுக்கிடுங்க.

பேசிக்கிட்டே முன் ரூம்ல இருந்து அடுக்களைக்கு நடந்தா ஒரு ரெண்டு செகண்ட் படம் நிக்கலாம், போன் ஒரு ரவுட்டர விட்டு இன்னொண்ணப் பிடிக்கிற நேரம் அது. சில போன் பழைய சிக்னல விடாம தொங்கிக்கிட்டே இருக்கும், வைஃபைய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா பக்கத்துல உள்ளதப் பிடிச்சிரும்.

சுவருல ஓட்டை போட முடியாது, கேபிளே வேண்டாம்னு வீட்டுல சொல்லிட்டாங்கன்னா ரவுட்டர் மெனுவுல ரிப்பீட்டர் இல்லன்னா டபிள்யூடிஎஸ்னு (கேபிள் இல்லாம முன் ரவுட்டர் வைஃபைய வாங்கித் திருப்பி விடுற வசதி) இருக்கான்னு பாருங்க, லேண்ட்லைன் காலத்து ரவுட்டர் பலதுல இருக்காது. இருந்தா அத அடுக்களைல வைக்காதீங்க, முன் ரூம் சிக்னல் நல்லா கிடைக்கிற நடு ஹால்ல, கதவுக்கு நேரா, தரைல இருந்து ஒரு ஆள் உயரத்துல வைங்க.