ஒட்டடை கொஞ்சம் இருக்கட்டும்

கேள்வி: வாசலில் துணி காயப்போடும் கொடியில் குப்பை மாதிரி ஏதோ தொங்கியது. காற்றில் வந்து சிக்கியது என்று பிய்க்கக் கை நீட்டினேன். உள்ளேயிருந்து வளைந்த மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது! மேலே பழுப்பு, வயிறு மஞ்சள். கூடவே பல நிறங்களில் மின்னும் இன்னொரு குருவியும் வந்து போகிறது. ஆள் நடமாடும் இடம் என்பதால் பயமாக இருக்கிறது. கூட்டைச் செடிக்கு மாற்றிக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தொடவே தொடாதீர்கள். இடம் மாறினால் தாய் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். வந்திருப்பது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. மூக்கு நுனியிலிருந்து வால் வரை 10 செ.மீ.கூட இருக்காது. நீங்கள் நடமாடும் இடம் என்று தெரிந்தேதான் அங்கே கட்டியிருக்கிறது. வாசல், கொடி, மின்கம்பி என்று மனிதர்களை ஒட்டிக் கூடு கட்டுவது இதற்குப் பழக்கம்.

குப்பை என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் காய்ந்த பட்டைத் துணுக்கு, சருகு, புழுவின் எச்சம் எல்லாவற்றையும் வெளியே ஒட்டவைக்கிறாள். 'ஒட்டவைக்கிறாள்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு; கூடு கட்டுவது பெரும்பாலும் பெண்தான். ஒட்டும் பசை, சிலந்தி வலை.

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் வாசல் நிலைக்கு மேல் மூலையில் ஒட்டடை படிந்திருந்தது. அடிக்க வேண்டும் என்று ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலை அவள் வந்து, சிறகடித்தபடி அந்தரத்தில் நின்று, வலைக்குள் அலகை விட்டுத் தலையை ஒரு திருப்பு திருப்பினாள். நூல் அலகில் சுற்றிக்கொண்டது. அப்படியே பறந்துபோய்க் கூட்டில் இழுத்து ஒட்டினாள். அரை மணி நேரத்தில் எத்தனை நடை! உள்ளே இறங்கி நெஞ்சால் அழுத்தியபோது கூடு முழுவதும் குலுங்கியது. கடைசியாக நுழைவாயிலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம் ஒன்றும் வைத்தாள். அன்றிலிருந்து அந்த மூலையில் நான் துடைப்பம் வைப்பதில்லை.

பெரும்பாலும் 2 முட்டை. 14 முதல் 16 நாள் அடைகாப்பாள். பொரித்த பிறகு ஏறக்குறைய 17 நாளில் குஞ்சுகள் பறந்துவிடும். ஆணும் சேர்ந்து இரை ஊட்டும். ஆக, ஒரு மாதம் துணியை வேறு இடத்தில் காயப்போடுங்கள். பார்க்க ஆசையாக இருந்தால் ஜன்னலுக்கு உள்ளிருந்து பாருங்கள். எட்டிப் பார்ப்பதும் படம் எடுக்க நெருங்குவதும் வேண்டாம். நாம் அடிக்கடி போய் நிற்கும் இடத்தைக் காக்கையும் கவனிக்கும்.

கேள்வி: என் பைக் கண்ணாடியை ஒரு தேன்சிட்டு தினமும் கொத்துகிறது. தன் அழகைப் பார்க்கிறதா?

பதில்: இல்லை ஐயா, சண்டை போடுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தன் எல்லைக்குள் இன்னொரு ஆணை விடாது. கண்ணாடியில் தெரிவதை எதிரி என்று நினைத்து மோதுகிறது. பாவம், அந்த எதிரி போகவே மாட்டான். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரமும் தெம்பும் இதில் வீணாகின்றன. வண்டியை நிறுத்தியதும் கண்ணாடிமேல் ஒரு பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

அழகைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். அதன் தொண்டை நிழலில் கறுப்பாகத்தான் தெரியும். வெயிலில் கொஞ்சம் திரும்பினால் ஊதா பளீரென்று எரியும். அந்த ஊதா சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம்.

கேள்வி: செம்பருத்திப் பூக்களின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். பூச்சிமருந்து அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள்! காலையில் செடியருகே அசையாமல் நின்று பாருங்கள். பூவின் வாய்வழியாகத் தேன் எட்டாவிட்டால், தேன்சிட்டு காம்பில் உட்கார்ந்து, பூவின் அடியை அலகால் குத்தி உறிஞ்சிவிடும். செடிக்கு இதனால் கேடு இல்லை. அந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலைதான் நடக்காமல் போகும். ஆனால் மருந்து அடித்தால் கூட்டுக்கே அடி. பெயர்தான் தேன்சிட்டு, குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது. சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துக் கொண்டுபோய்த்தான் வளர்க்கும். அடிக்கத்தான் வேண்டும் என்றால், அதிகாலையில் அந்தச் செடிமீது தண்ணீர் தெளியுங்கள். இலையில் தேங்கும் துளிகளில் புரண்டு குளிக்க அது வரும்.